டிரிப்ல ஒருத்தர் மட்டும் பட்டினியா? மும்பையில் 'இது எனக்கு வேணாம்' பார்ட்டிகளுக்கு ஹோட்டல் தேடுவது எப்படி?

மும்பைக்கு டிக்கெட் போட்டாச்சு. ரூம் புக் பண்ணியாச்சு. கேட்வே ஆஃப் இந்தியா, மெரின் டிரைவ், எலிஃபெண்டா குகை, ஜூஹு பீச் என்று லிஸ்ட்டும் ரெடி. ஆனால், ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் யாரும் வாய் திறக்காத ஒரு விஷயம் இருக்கிறது. அப்பாவுக்கு மதியம் சோறு இல்லையென்றால் அது சாப்பாட்டுக் கணக்கிலேயே வராது. அம்மா வெள்ளிக்கிழமை வெங்காயம், பூண்டு தொட மாட்டார். அக்கா பையனுக்கு ஏழு வயது. அவன் உலகத்தில் சாப்பிடக்கூடிய பொருள்கள் மொத்தமே நான்கு. உங்களுக்கோ, மும்பை வரை போய் மீன் சாப்பிடாமல் திரும்பினால் மனசு ஆறாது.

இந்தக் கூட்டம் முதல் நாள் ராத்திரி எட்டரை மணிக்குக் கொலாபா நடைபாதையில் நின்றுகொண்டு, ஆளுக்கொரு போனில் ஹோட்டல் தேடுவதைக் கற்பனை செய்து பாருங்கள். கால் வலி, பசி, டிராஃபிக் சத்தம். கடைசியில் ஸ்டார் அதிகமாக இருக்கும் ஏதோ ஓர் இடத்துக்குள் நுழைவீர்கள். மெனு கார்டை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு அப்பா சொல்வார், "நீங்க சாப்பிடுங்கப்பா. எனக்குப் பசிக்கல."

அதை நம்பாதீங்க. பசிக்கும். என்ன கேட்பது என்று தெரியவில்லை, கேட்டு வாங்கி வேஸ்ட் பண்ண மனசில்லை, பிள்ளைகள் சந்தோஷத்தைக் கெடுக்கவும் விருப்பமில்லை. சுகர் மாத்திரை போடுகிறவராக இருந்தால் இது வெறும் வருத்தத்தோடு முடியாது. மாத்திரை உள்ளே போய், சாப்பாடு போகாவிட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரை கொண்டுபோய்விடும்.

அதனால் ஊர் சுற்றும்போது ஹோட்டல் தேடுகிற வரிசையையே தலைகீழாக மாற்றுங்கள். 'இந்த ஊரில் எது ஃபேமஸ்?' என்று ஆரம்பிக்காமல், 'நம்மில் ரொம்பக் கொஞ்சமாகச் சாப்பிடுகிறவருக்கு இங்கே ஒரு தட்டு கிடைக்குமா?' என்று ஆரம்பியுங்கள். அந்த ஒரு தட்டு உறுதியானால் மற்றவர்கள் எதை வேண்டுமானாலும் சாப்பிட்டுக்கொள்ளலாம். மும்பை இந்த விஷயத்தில் ரொம்பவே தயவான ஊர். எங்கே, எப்போது, என்ன வார்த்தை சொல்லிக் கேட்பது என்று தெரிந்தால் போதும்.

முதலில், பிரச்னை நாக்கா, நம்பிக்கையா, வயிறா?

'அவன் சாப்பாட்டுல ரொம்ப பிகு பண்ணுவான்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். ஆனால், ஹோட்டல் தேட அந்த வார்த்தை உதவாது. காரம் தாங்காதவருக்கு ஒரு கடை, சோறு மட்டுமே சாப்பிடுகிறவருக்கு வேறு கடை, குழகுழவென்று இருந்தாலே குமட்டுகிறவருக்கு இன்னொரு கடை.

நாக்கு விஷயத்தில் ஒரு சுவாரஸ்யமான கதை உண்டு. 1931-ல் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனியில் ஆர்தர் ஃபாக்ஸ் என்கிற வேதியியலாளர் ஒரு பொடியைக் கொட்டும்போது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் 'ஐயோ, கசக்குது' என்றார். ஃபாக்ஸுக்கோ ஒன்றுமே தெரியவில்லை. ஒரே பொருள் ஒருவருக்குக் கடும் கசப்பாகவும் இன்னொருவருக்குச் சுவையே இல்லாமலும் இருக்கிறது, அது பரம்பரையாக வருகிறது என்பது பிறகு தெளிவானது. அதற்குக் காரணமான மரபணுவை 2003-ல் கண்டுபிடித்தார்கள். எனவே, 'எனக்கு மட்டும் கசக்குது' என்று ஒருவர் சொன்னால் அது நடிப்பாக இருக்க வேண்டியதில்லை.

குழந்தைகள் கதை வேறு. இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை புதுச் சாப்பாட்டைக் கண்டால் பயப்படுவது மிகச் சாதாரணம். சில பிள்ளைகளுக்கு அது பள்ளிக்கூட வயதிலும் தொடரும். ஒரு புது உணவைப் பத்துப் பதினைந்து தடவை பார்த்து, முகர்ந்து, தொட்ட பிறகுதான் பல குழந்தைகள் வாயில் வைக்கும். நான்கு நாள் டிரிப்பில் அந்தப் பத்துத் தடவை நடக்காது. ஆக, 'ஊருக்குப் போனாலாவது எல்லாத்தையும் சாப்பிடப் பழகுவான்' என்கிற திட்டத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

நம்பிக்கை சார்ந்த விஷயத்தைக் கொஞ்சம் நுணுக்கமாகக் கேட்க வேண்டும். 'நான் வெஜ்' என்பதில் மூன்று படி இருக்கிறது. தன் தட்டில் அசைவம் இல்லாவிட்டால் போதும் என்பவர் ஒருவர். ஒரே கிச்சனில் அசைவம் சமைத்தால் ஆகாது என்பவர் இன்னொருவர். பக்கத்து நாற்காலியில் நீங்கள் மீன் சாப்பிடுவதையே பார்க்க முடியாதவர் மூன்றாமவர். உங்கள் அம்மா இதில் எந்தப் படி என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். மேஜையில் உட்கார்ந்த பிறகு கேட்டால், 'பரவால்லடா' என்றுதான் பதில் வரும். அந்தப் 'பரவால்ல'வுக்கு அர்த்தம் உங்களுக்கே தெரியும்.

அலர்ஜியை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. மராத்தி, குஜராத்திச் சமையலில் வேர்க்கடலை தாராளமாகப் புழங்கும். ஜவ்வரிசி வடையிலும் இருக்கும், பொரியல் மேலும் தூவுவார்கள், சட்னியிலும் வரும். கடலை அலர்ஜி உள்ளவர் கூட இருந்தால் ஒவ்வொரு கடையிலும் வாய்விட்டுக் கேளுங்கள். 'மூங்ஃபலி' என்றால் இந்தியில் வேர்க்கடலை, மராத்தியில் 'ஷேங்க்தாணே'.

மாட்டுங்கா என்கிற மருந்து

மும்பையில் அப்பாவுக்குச் சோறு என்றதும் நேராகப் போக வேண்டிய இடம் மாட்டுங்கா கிழக்கு.

இது வெறும் 'சவுத் இந்தியன் ஹோட்டல் இருக்கிற ஏரியா' இல்லை. 1896-ல் பம்பாயைப் பிளேக் நோய் உலுக்கியது. நெரிசலைக் குறைக்க 1898-ல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்ற அமைப்பை உண்டாக்கினார்கள். அது வடக்கே திட்டம் போட்டு உருவாக்கிய குடியிருப்புகளில் தாதரும் மாட்டுங்காவும் அடக்கம். வேலை தேடி தெற்கிலிருந்து போன தமிழர்கள், கன்னடர்கள், மலையாளிகள் பலர் அங்கே குடியேறினார்கள். 1932-ல் சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி தொடங்கியதும் இங்கேதான். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்த ஆண்களுக்குச் சாப்பாடு போட மெஸ்களும் உடுப்பி ஹோட்டல்களும் முளைத்தன. அதாவது, வெளியூர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாதவர்களுக்காகவே உருவான தெரு இது. உங்கள் அப்பாவின் பிரச்னையை அவர்கள் எண்பது வருஷத்துக்கு முன்பே பார்த்துவிட்டார்கள்.

ஸ்டேஷனை ஒட்டி, மாடியில் இருக்கும் ஏ.ராமா நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் 1942-ல் தொடங்கியது. வாழை இலைச் சாப்பாட்டுக்குப் பெயர் போனது. பக்கத்திலேயே 1939-ல் தொடங்கிய ராம் ஆஷ்ரயா. இட்லி, தோசை, உப்புமாவோடு இங்கே கேசரியை விதவிதமான பழச் சுவையில் போடுவார்கள். மும்பைக்காரர்கள் அதை 'ஷீரா' என்பார்கள். அன்னாசி ஷீரா பலருக்குப் பிடிக்கும். கொஞ்சம் நடந்தால் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் 1940-ல் ஆரம்பித்த கஃபே மெட்ராஸ். ராகி தோசை, பொடி இட்லி, ரசவடை, ஃபில்டர் காபி. அக்கா பையன் இட்லிக்குச் சர்க்கரை தொட்டுத்தான் சாப்பிடுவான் என்றால்கூட இங்கே யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. இவற்றில் பெரும்பாலானவை உடுப்பிக் கைப்பக்குவம். சாம்பாரில் லேசாக வெல்லம் எட்டிப் பார்க்கும். "என்ன இது, சாம்பார் இனிக்குது?" என்று அப்பா கேட்பதற்கு முன்பே சொல்லிவைத்துவிடுங்கள். எதிர்பார்த்து வந்தால் சாப்பிட்டுவிடுவார். திடீரென்று நாக்கில் பட்டால்தான் தட்டைத் தள்ளுவார். ரசமும் மோரும் இருக்கும்போது பெரிய சிக்கல் வராது.

போவது சுலபம். சி.எஸ்.எம்.டி-யிலிருந்து சென்ட்ரல் லைனில் ஸ்லோ டிரெயின் பிடியுங்கள். ஃபாஸ்ட் டிரெயின் மாட்டுங்காவில் நிற்காது. வெஸ்டர்ன் லைனில் 'மாட்டுங்கா ரோடு' என்று வேறொரு ஸ்டேஷன் இருக்கிறது, அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். (மாட்டுங்கா, 2017-ல் முழுக்கப் பெண் ஊழியர்களே நடத்தும் ஸ்டேஷன் ஆனது. இறங்கும்போது கவனியுங்கள்.) காலை எட்டு முதல் பத்தரை வரையும், மாலை ஐந்தரைக்கு மேலும் லோக்கல் டிரெயினில் வயதானவர்களையும் குழந்தையையும் ஏற்ற வேண்டாம். பத்தரைக்கு மேல் கிளம்பி, பன்னிரண்டு மணிக்குள் இலை முன்னால் உட்கார்ந்துவிடுங்கள். சனி, ஞாயிறு காலை டிபனுக்குப் போனால் க்யூ நிச்சயம். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை விடும் கடைகளும் இங்கே உண்டு. எந்த நாள் என்று மேப்பில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

என்னைக் கேட்டால், சாப்பாட்டில் சிக்கல் உள்ள குடும்பம் ரூமையே தாதர், மாட்டுங்கா பக்கம் போடுவது புத்திசாலித்தனம். கொலாபாவில் தங்கினால் கேட்வே பக்கத்தில் இருக்கும், சரி. ஆனால், கேட்வேயை ஒரு தடவைதான் பார்ப்பீர்கள். காலை டிபன் தினமும் வரும்.

மந்திர வார்த்தை: 'ஜெயின்'

அம்மாவின் வெங்காயம், பூண்டு பிரச்னைக்குச் சென்னையில் சர்வரிடம் நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். மும்பையில் ஒரே வார்த்தை போதும். ஜெயின் சமயத்தைக் கடைப்பிடிக்கிறவர்கள் வெங்காயம், பூண்டு, உருளை, கேரட் என்று மண்ணுக்கு அடியில் விளைவதைத் தவிர்ப்பார்கள். அவர்கள் பெரிய எண்ணிக்கையில் வாழும் ஊர் என்பதால், சைவ ஹோட்டல் பெரும்பாலானவற்றில் மெனுவிலேயே 'ஜெயின்' என்று தனி வரிசை இருக்கும். பாவ் பாஜி உருளைக்கிழங்கை மசித்துச் செய்வது. ஆனால், ஜெயின் பாவ் பாஜி என்று கேட்டால் வாழைக்காய் போட்டுச் செய்து தருவார்கள். பீட்சாவிலும் ஜெயின் உண்டு.

உருளைக்கிழங்கு வேண்டும், வெங்காயம், பூண்டு மட்டும்தான் வேண்டாம் என்றால்? அதற்கும் பெயர் இருக்கிறது. சுவாமிநாராயண் வழியைப் பின்பற்றுகிறவர்களின் சாப்பாடு அப்படித்தான். குஜராத்திக் கடைகளில் 'சுவாமிநாராயண்' என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். புரியாவிட்டால் 'பினா காந்தா, லஸுன்' போதும். காந்தா என்றால் வெங்காயம், லஸுன் பூண்டு.

இன்னொன்று. போர்டில் 'ப்யூர் வெஜ்' என்று இருந்தால் அங்கே முட்டையும் கிடையாது. அம்மா இரண்டாவது, மூன்றாவது படியில் இருக்கிறவர் என்றால் இந்த போர்டைத் தேடுங்கள். பையனுக்கு ஆம்லெட் வேண்டுமென்றால் அது அங்கே நடக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

குஜராத்தி தாலி: விருந்தா, வேதனையா?

கால்பாதேவியில் 1945 முதல் இருக்கும் ஸ்ரீ தாக்கர் போஜனாலய் போன்ற குஜராத்தி தாலி கடைகளை எல்லா டிராவல் வீடியோவிலும் பார்த்திருப்பீர்கள். அளவில்லாச் சாப்பாடு, சுற்றிச் சுற்றி வந்து பரிமாறுவார்கள். சுவையான அனுபவம், சந்தேகமே இல்லை. ஆனால், உங்கள் கூட்டத்துக்குச் சரிவருமா என்று இரண்டு தடவை யோசியுங்கள்.

பருப்பு இனிக்கும். கடியும் இனிக்கும். கூட்டு மாதிரி வருவதிலும் வெல்லம் இருக்கும். முதலில் ரொட்டி, பூரி, பக்கவாட்டில் பலகாரங்கள். சோறு கடைசியில்தான் வரும். அது வருவதற்குள் அப்பா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு முகத்தைத் தொங்கப்போட்டிருப்பார். 'சாவல் பெஹலே' என்று உட்கார்ந்ததும் சொல்லிவிட்டால் பல இடங்களில் சோற்றை முதலிலேயே கொண்டுவருவார்கள். கூடவே மோர், ஊறுகாய். அது அவருக்குப் போதும்.

ஆனால், காசுக் கணக்கு இடிக்கும். தாலியில் ஆளுக்கு ஒரு தட்டு வாங்கியாக வேண்டும், ஷேர் பண்ண விட மாட்டார்கள். மூன்று ஸ்பூன் தயிர் சாதம் சாப்பிடும் பையனுக்கு ஒரு முழுத் தாலிக்குப் பணம் கட்டுவது வயிற்றெரிச்சல். குழந்தைக்குத் தனி ரேட் உண்டா என்று வாசலிலேயே கேளுங்கள். இல்லையென்றால், சாப்பிடத் தெம்பு உள்ள இரண்டு பேர் மட்டும் ஒரு நாள் மதியம் தனியாகப் போய்வாருங்கள். குடும்பமாக டிரிப் போனால் ஒவ்வொரு வேளையும் எல்லாரும் ஒன்றாகத்தான் சாப்பிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

குஜராத்திச் சாப்பாட்டைக் காரமில்லாமல், பயமில்லாமல் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் தார்தேவில் 1963 முதல் இருக்கும் ஸ்வாதி ஸ்நாக்ஸ் நல்ல இடம். அங்கே 'பான்கி' என்று ஒன்று. அரிசி மாவை இரண்டு வாழை இலைத் துண்டுகளுக்கு நடுவே மெல்லிசாகத் தடவி வேகவைப்பார்கள். உரித்துச் சாப்பிட வேண்டும். வாழை இலை வாசம், அரிசி, சூடு. நம்மூர் நாக்கு சண்டை போட இதில் எதுவும் இல்லை.

நான்கு அயிட்டம் பையனுக்கு

பிரெட், வெண்ணெய், பால், பிஸ்கட் வகைப் பிள்ளை என்றால், இரானி கஃபே என்கிற அற்புதத்தை அவனுக்கு அறிமுகப்படுத்துங்கள். பாரசீகத்திலிருந்து வந்தவர்கள் நடத்திய பழைய டீக்கடைகள் இவை. மெட்ரோ சினிமா பக்கத்தில் இருக்கும் கயானி அண்ட் கோ 1904-ல் தொடங்கியது. பன் மஸ்கா கேளுங்கள். மெத்தென்ற பன்னுக்கு நடுவே தாராளமாக வெண்ணெய், அவ்வளவுதான். 'புருன்' என்று கேட்டால் மேல்பக்கம் மொறுமொறுவென்று கெட்டியாக இருக்கும் ரொட்டி வரும். குழந்தையின் பல் ஆடுகிற வயதென்றால் பன்னே போதும். அவன் அதைச் சாப்பிடும் நேரத்தில் நீங்கள் கீமா பாவ் சாப்பிடலாம். ஆனால், இது அசைவமும் முட்டையும் புழங்கும் இடம். அம்மா மூன்றாவது படி என்றால் இங்கே கூட்டிவர வேண்டாம்.

காய்கறி கண்ணில் தெரிந்தாலே ஒதுக்கும் பிள்ளைக்குப் பாவ் பாஜி பொருந்தும். எது என்ன காய் என்றே தெரியாத அளவுக்கு மசித்திருப்பார்கள். தாதர் பக்கம் ஜவ்வரிசி வடை, மராத்திப் பலகாரம் கிடைக்கும். மொறுமொறுப்பு பிடிக்கும் என்றால் வாங்கிப் பாருங்கள், நடுவில் பச்சைமிளகாய் மாட்டும். மிசல் பாவ் பக்கம் குழந்தையைக் கொண்டுபோகவே வேண்டாம், அந்தச் சிவப்பு எண்ணெய் நம்மையே கண் கலங்க வைக்கும்.

வடா பாவில் காரம் வடையில் இருப்பதைவிட, தூவுகிற சிவப்புப் பூண்டுப் பொடியிலும் பச்சைச் சட்னியிலும்தான் அதிகம். 'பினா சட்னி' என்றால் உருளைக்கிழங்கு போண்டாவும் பன்னும் கையில் வரும். காரம் குறைக்க இந்தியில் 'தீக்கா கம்'. மராத்தியில் 'திக்கட் நகோ' என்று சொல்லிப் பாருங்கள், கடைக்காரர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும்.

ஒரு விஷயம் மட்டும் செய்யாதீர்கள். 'ஒரே ஒரு வாய், எனக்காக' என்று மேஜையைச் சுற்றி நான்கு பேர் கெஞ்சுவது. புது ஊர், புது வாசனை, சத்தம், அதில் எல்லாருடைய கண்ணும் தன் மேல் என்றால் எந்தப் பிள்ளையும் வாயைத் திறக்காது. உங்கள் தட்டை அவன் எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு நீங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருங்கள். எடுத்தால் எடுக்கட்டும். எடுக்காவிட்டால் பன் மஸ்கா இருக்கவே இருக்கிறது. (பெரியவரோ குழந்தையோ, சாப்பிடும் உணவுகள் வரவரக் குறைந்துகொண்டே போய் எடையும் இறங்குகிறது என்றால் அது சேட்டைக் கணக்கில் வராது. 'ஆர்ஃபிட்' என்ற பெயரில் மருத்துவம் அங்கீகரித்த பிரச்னையாகக்கூட இருக்கலாம். ஊர் திரும்பியதும் டாக்டரைப் பாருங்கள்.)

மீன் ஆசை உங்களுக்கு மட்டுமா?

மால்வணி, மங்களூர் மீன் கடைகள் மும்பையின் சொத்து. இங்கே பிரச்னையே பெயர்தான். சுர்மாய் என்றால் வேறெதுவும் இல்லை, நம் வஞ்சிரம். பாங்டா என்றால் கானாங்கெளுத்தி, ஊருக்கு ஊர் அயிலை என்போமே அதுதான். பாப்லெட் என்பது வவ்வால். கோலம்பி, இறால். மோரி என்றிருந்தால் சுறா. பெயர் தெரிந்ததும் அப்பாவின் முகம் மாறும் பாருங்கள். 'வஞ்சிர வறுவல், தேங்காய் அரைத்த மீன் குழம்பு, சோறு' என்று தமிழில் மொழிபெயர்த்துச் சொன்னால், அவர் இதுவரை பயந்த மெனு கார்டு வீட்டுச் சமையல் ஆகிவிடும். குழம்பின் ருசி நம்மூர் மாதிரியே இருக்காது. புளிக்குப் பதில் கோகம் போடுவார்கள். ஆனால், ரொட்டி, பன்னீருக்கு அவர் படும் பாட்டை ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

பாம்பில் என்கிற பாம்பே டக் மட்டும் தனி ரகம். பெயரில்தான் டக், அது மீன். வெளியே மொறுமொறு, உள்ளே ஜெல்லி போலக் குழைந்திருக்கும். குழகுழப்பு ஆகாதவருக்கு வாங்கிக் கொடுத்துச் சோதிக்காதீர்கள்.

மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை. அந்தச் சமயம் போனால் ஃப்ரெஷ் மீன் குறைவு, விலையும் ஏறும். மழைக்கால டிரிப் என்றால் மீன் ஆசையைக் கொஞ்சம் மட்டுப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பொறி

வீக் எண்டில் போகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஃபோர்ட், பல்லார்டு எஸ்டேட் எல்லாம் ஆபீஸ் ஏரியா. ஆபீஸ் ஆட்களை நம்பி நடக்கும் ஹோட்டல்கள் பல, ஞாயிறு ஷட்டரை இறக்கிவிடும். காலியான, அழகான தெருக்கள் போட்டோவுக்கு நன்றாக இருக்கும், வயிற்றுக்கு ஒன்றும் கிடைக்காது. அன்று தாதர், மாட்டுங்கா பக்கம் இருங்கள்.

திங்கட்கிழமை எலிஃபெண்டா குகை மூடியிருக்கும். மற்ற நாளில் போனால் படகில் ஒரு பக்கமே ஒரு மணி நேரம் ஆகும், தீவில் படி ஏற வேண்டும், திரும்பி வரும்போது மதியம் மூன்று தாண்டிவிடும். அந்த நேரத்தில் பல ஹோட்டல்களில் மதியச் சாப்பாடு முடிந்து, ராத்திரிக்கு ஏழு மணிக்குத்தான் அடுப்பு ஏறும். காலையில் கிளம்பும்போதே இட்லி பார்சல் வாங்கிக்கொள்ளுங்கள். படகுத்துறையில் பசியோடு முடிவெடுக்கும் குடும்பம் நல்ல முடிவு எடுத்ததாகச் சரித்திரம் இல்லை. மூன்று மணிக்கும் திறந்திருக்கும் ரகம் எது என்றால் உடுப்பி ஹோட்டல்கள். டிபன் நாள் முழுக்க ஓடும். கொலாபா, சர்ச்கேட், அந்தேரி எங்கே நின்றாலும் மேப்பில் 'உடுப்பி' என்று தட்டுங்கள், ஒன்றாவது வரும்.

போனை எப்படிப் பார்ப்பது?

ஸ்டார் எண்ணிக்கை உங்களுக்குப் பெரிதாக உதவாது. பத்தாயிரம் பேர் 4.5 கொடுத்த கடையில் உங்கள் அப்பாவுக்கு ஒரு பிடி சோறு இல்லையென்றால், உங்கள் குடும்பத்துக்கு அந்தக் கடை பூஜ்யம். கூகுள் மேப்பில் கடையைத் திறந்து மெனு போட்டோக்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். 'கர்டு ரைஸ்', 'பிளெயின் ரைஸ்', 'தஹி' ஏதாவது கண்ணில் படுகிறதா? பிறகு ரிவ்யூவுக்குள் தேடும் வசதியில் 'ஸ்பைசி', 'கிட்ஸ்', 'ஜெயின்' என்று அடியுங்கள். புதிய ரிவ்யூக்களை முதலில் வரும்படி மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று வருஷத்துக்கு முந்தைய பாராட்டில் இன்றைய சமையல்காரர் இல்லாமல் போயிருக்கலாம்.

தேறிய கடைகளை மேப்பிலேயே ஒரு லிஸ்ட்டாக சேவ் செய்து, ஃபேமிலி குரூப்பில் போடுங்கள். நீங்கள் சுற்றப்போகும் ஒவ்வொரு ஏரியாவுக்கும் இரண்டு கடை போதும். ஒன்று பயமில்லாத கடை, இன்னொன்று ஆசைக்கான கடை. ஒரு நாளைக்கு ஒரு வேளையாவது பயமில்லாத கடை. அது மதியமாக இருப்பது நல்லது. மதியம் வயிறு நிறைந்தவர், ராத்திரி நீங்கள் எங்கே கூப்பிட்டாலும் ஒரு காபியோடு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். 'அங்க போனா எனக்கு என்ன கிடைக்கும்?' என்கிற கேள்விக்கு முன்கூட்டியே பதில் தெரிந்தாலே, பாதிப் பேர் சாப்பாட்டில் முரண்டு பிடிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

சந்தேகமாக இருந்தால் போன் பண்ணிக் கேளுங்கள். அரை நிமிட வேலை. 'தஹி சாவல் மிலேகா?' ஆமாம் என்றால் கிளம்புங்கள். தயிர் இனிக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், சில இடங்களில் இனிப்புத் தயிரைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள்.

பில் வந்ததும் ஒரு பார்வை பாருங்கள். ஏ.சி இருந்தாலும் இல்லாவிட்டாலும், சாதாரண ஹோட்டலில் ஜி.எஸ்.டி 5 சதவிகிதம். 'சர்வீஸ் சார்ஜ்' என்று தனியாக ஒரு வரி இருந்தால் அது வரி கிடையாது. அதைத் தானாகச் சேர்த்துக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் சொல்லியிருக்கிறது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025-ல் அதை உறுதி செய்தது. வேண்டாம் என்றால் எடுக்கச் சொல்லலாம். ஆனால், அப்பாவுக்கு முதலில் சோறு, பையனுக்குக் காரமில்லாமல், அம்மாவுக்கு வெங்காயம் இல்லாமல் என்று மூன்று தடவை கிச்சனுக்கு ஓடிய சர்வரின் கையில், பில்லில் வராத ஐம்பது ரூபாயை வையுங்கள்.

ஊர் திரும்பும் நாள், சென்னைக்கு ரயில் என்றால் கிட்டத்தட்ட ஒரு நாள் பயணம். தாதரிலோ சி.எஸ்.எம்.டி-யிலோ ஏறுவதற்கு முன் மாட்டுங்காவில் பொடி தடவிய இட்லி பார்சல் எடுத்துக்கொள்ளுங்கள். சட்னி வேண்டாம், தேங்காய் சீக்கிரம் கெட்டுவிடும். தயிர் சாதம் வாங்கினால் அதை முதல் வேளைக்கே முடித்துவிடுங்கள். பையனுக்கு மறக்காமல் இரண்டு பன் மஸ்கா.